அலமாரிக்குத் திரும்பாத சட்டப் புத்தகம்

என் மனைவி லீலாவதி திருமானூர் கிளை நூலகத்தில் நூலகர். யார் என்ன புத்தகம் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பாள். எதற்கு என்று மட்டும் கேட்க மாட்டாள். வாசகரை அப்படிக் கேட்பது தொழிலுக்கு அழகில்லையாம். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எனக்கு மோட்டார் வைண்டிங் கடை. கொல்லைக்காட்டுக்குப் போய்க் கிணற்றில் மோட்டாரை இறக்கிவிட்டு எத்தனை மணிக்கு வந்தாலும் ஏன் லேட் என்று அவள் கேட்டதே கிடையாது. நண்பர்கள் எல்லாம் நான் கொடுத்து வைத்தவன் என்பார்கள். எனக்கோ ஒரு நாளாவது கேட்டால்தான் என்ன என்று இருக்கும்.

நான் நேர் எதிர். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இறங்குவதற்குள் அவர் பெண்ணுக்கு எந்தெந்த ஊரில் மாப்பிள்ளை பார்த்தார்கள் என்பது வரை தெரிந்துகொண்டுவிடுவேன்.

போன வருஷம், நாற்பத்தாறு வயதில், லீலா மறுபடி படிக்கப் போனாள். பன்னிரண்டாவது முடித்தபோதே வக்கீலுக்குப் படிக்க நினைத்தவள்தான். வீட்டில் நூலகச் சான்றிதழ்ப் படிப்பில் சேர்த்துவிட்டார்கள். அதில் அவளுக்கு மனக்குறை இல்லை, வேலை பிடித்துப்போயிற்று. ஆனாலும் வக்கீல்களுக்கும் சட்ட உதவி மையங்களுக்கும் துணையாக வேலை செய்கிறவர்களுக்கென்று பெரம்பலூரில் ஓராண்டுப் படிப்பு நடக்கிறது என்று பேப்பரில் பார்த்ததும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நூலகத்துப் பேப்பரைக் கத்தரிக்க மனம் வராமல், பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் தனியாக ஒன்று வாங்கி அந்த விளம்பரத்தைக் கத்தரித்தாள். பாராலீகல் என்று அந்தப் படிப்புக்குப் பெயர். நான் அரை வக்கீல் என்று பெயர் வைத்தேன்.

மாதம் இரண்டு ஞாயிறு வகுப்பு. நூலகத்துக்கோ விடுமுறை வெள்ளிக்கிழமை. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, காலைப் பஸ்ஸைப் பிடித்து, அரியலூரில் மாறி, சிமென்ட் லாரிகளின் பின்னாலேயே புழுதியைத் தின்றுகொண்டு போவாள். திரும்பி வரும்போது முகம் மட்டும் குளித்துவிட்டு வந்தவள் மாதிரி இருக்கும்.

எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். செயல்முறைத் தேர்வில் கோட்டை விட்டாள். மாணவி ஒருத்தி உதவி கேட்டு வந்தவளாக நடித்து, சொத்தில் பங்கு கேட்டு மனுப் போட வேண்டும் என்றாளாம். எந்த அலுவலகம், என்னென்ன காகிதம் என்று லீலா கடகடவென்று சொல்லி அனுப்பிவிட்டாள். கணவனின் தம்பிகள் அன்று காலைதான் அந்தப் பெண்ணை வீட்டைவிட்டு விரட்டியிருந்தார்கள், அன்றைக்குத் தங்கவே இடமில்லை என்பது கதை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

தேர்வு நடத்திய சுகன்யா மேடம் லீலாவிடம் சொன்னது இதுதான்: "வாயால கேட்டதக் குடுத்துட்டீங்க. மனசுல இருக்கறத நீங்கதான் கேட்டு வாங்கணும்."

இன்னொரு வாய்ப்பும் கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் நிஜமான ஒருவரின் பிரச்சினையைக் கேட்டு, உரிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்து, அறிக்கை எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் வருஷம் வீண். லீலா வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவளை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

ஆள் பிடிக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். கடைக்கு வரும் செல்லக்கண்ணுவுக்கு அண்ணனோடு கூட்டுக் கிணற்றுத் தகராறு. கையோடு நூலகத்துக்குக் கூட்டிப் போனேன். அவன் கிணறு என்று ஆரம்பித்ததுமே லீலா எழுந்துபோய் நீர்ப்பாசனம் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்து வந்து அவன் கையில் வைத்தாள். 'அமைதி காக்கவும்' என்ற போர்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்த செல்லக்கண்ணு அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அறிக்கை எழுத அவளுக்கு ஒரு புத்தகம் வேண்டியிருந்தது. பெண்களின் சொத்துரிமை பற்றிய தடிப் புத்தகம். நூலகத்தில் இருப்பது ஒரே பிரதி. அது கலியம்மாளிடம் இருந்தது. கலியம்மாள் கரும்பு வெட்டப் போகிறவள், கணவர் தவறிவிட்டார். தவணை முடியும் நாளன்று தவறாமல் புத்தகத்தைத் துண்டில் சுற்றிக் கொண்டுவருவாள், புதுத் தேதி போட்டுக்கொண்டு திரும்ப எடுத்துப் போய்விடுவாள். மாதக்கணக்காக இப்படியே நடந்தது. கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்றேன். படிக்கிறவர் கையிலிருந்து பிடுங்குவதா என்று லீலா முறைத்தாள்.

அடுத்த தவணையன்று சாயங்காலம் நானும் அங்கே இருந்தேன். கலியம்மாள் துண்டைப் பிரித்துப் புத்தகத்தை நீட்டினாள். லீலா தேதி முத்திரையைக் கையில் எடுத்தாள். பிறகு கீழே வைத்துவிட்டாள்.

"இந்தப் புஸ்தகம் உங்களுக்கு எதுக்கும்மா?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் வாயில் நான் கேட்டிராத கேள்வி. கலியம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். லீலாவும் பார்த்தாள். வேறு வழியில்லாமல் வெளியே போனேன். ஜன்னல் திறந்திருந்ததற்கு நான் பொறுப்பில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாது டீச்சர்," என்றாள் கலியம்மாள். "டிவி பக்கத்துல வெச்சிருக்கேன். எம் பையன் வூட்ட எழுதிக் குடுன்னு வருவான். இதப் பாத்தான்னா பேசாம போயிடுவான். இது வூட்ல இருக்கறதாலதான் எனக்குத் தூக்கமே வருது."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உள்ளே லீலா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தாள். பட்டா யார் பேரில் இருக்கிறது, மகன் எப்போதிலிருந்து கேட்கிறான், அடித்தானா, மிரட்டினானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பட்டா கலியம்மாள் பேரில்தான் இருந்தது. மகன் தமிழழகன் சிமென்ட் ஆலையில் ஒப்பந்த வேலை பார்க்கிறான், கை நீட்டினதில்லை. வீட்டை எதற்கு எழுதிக் கேட்கிறான் என்றாள் லீலா. என்னைத் துரத்திவிடத்தான், வேறு எதற்கு என்றாள் கலியம்மாள். அவனைக் கேட்டீர்களா என்றாள் லீலா. கேட்கவில்லை. நூலகம் மூடும் நேரம் தாண்டியும் விளக்கு எரிந்தது.

வெள்ளிக்கிழமை அரியலூர் கோர்ட்டில் இருக்கும் இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போனோம். மையத்திலிருந்து சொல்லியனுப்பியதால் தமிழழகனும் வந்திருந்தான். அம்மா கோர்ட்டுக்கு இழுத்துவிட்டாளே என்று அவன் முகம் கறுத்துப்போயிருந்தது. அங்கிருந்த வக்கீலம்மா, கூட வந்த நீங்களே முதலில் கேளுங்கள் என்று லீலாவைப் பார்த்தார். வீட்டை எதற்கு எழுதிக் கேட்கிறாய் என்று லீலா தன்மையாகக் கேட்டாள்.

அவன் அம்மா பக்கம் திரும்பாமலே சொன்னான். "ஓடெல்லாம் ஒழுவுதுங்க. கவர்மெண்டு வூட்டுக்கு எழுதிப் போடணும்னா பட்டா எம் பேர்ல இருக்கணும்னு டீக்கடையில சொன்னாங்க. மழை பேஞ்சா அம்மா மூலையில உக்காந்தே கெடக்குது. அதுக்குத்தான் கேட்டேன். கேட்டா புஸ்தகத்தக் காட்டுது."

பட்டா அம்மா பேரிலேயே இருக்கட்டும், அந்த மனுவையும் அம்மா பேரிலேயே கொடுக்கலாம், யாரும் யாருக்கும் எதையும் எழுதித் தர வேண்டாம் என்று வக்கீலம்மா சொன்னார். கலியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இதை முன்னாடியே சொல்வதற்கென்ன என்று மகனைக் கேட்டாள்.

"நீ எங்கம்மா கேட்ட?" என்றான் அவன்.

லீலா கலியம்மாளிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, பெயரைப் போடாமல் அறிக்கை எழுதினாள். அந்தத் தடிப் புத்தகத்துக்காகப் பெரம்பலூர் கல்லூரி நூலகத்தில் போய் உட்கார்ந்தாள். தேர்ச்சி வந்துவிட்டது. எனக்குத்தான் வம்பாகப் போயிற்று. இப்போது கடையிலிருந்து கொஞ்சம் தாமதித்தாலும் எங்கே, யாரோடு, என்ன வேலை என்று விசாரணை நடக்கிறது. ஆசைப்பட்டவன் நான்தான். பதில் சொல்லியாக வேண்டும். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகவே சொல்கிறேன்.

ஆடி பிறப்பதற்கு முன்பே கலியம்மாள் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிவிட்டார்கள். பள்ளம் வெட்டியது தமிழழகன்தான். அந்த வாரமே தவணைத் தேதியும் வந்தது. கலியம்மாள் வந்து துண்டைப் பிரித்தாள். புத்தகம் ஒருவழியாக அலமாரிக்குத் திரும்புகிறது என்று லீலா எழுந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"தேதி போட்டுக் குடுங்க டீச்சர்," என்றாள் கலியம்மாள். "பையன் தங்கம்தான். ஆனாலும் கட்டி முடிக்கற வரைக்கும் வூட்ல இருக்கட்டும்."

லீலா என்னைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, முத்திரையை எடுத்துப் புதுத் தேதியைக் குத்திக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்கவில்லை.