பெனடிக்ற்றின் தபால் வாக்கு

வலது காலுறையை மாட்டி முடித்து இடது பாதத்தைக் கையில் எடுத்தபோதுதான் கணவன் பெனடிக்ற்றின் மூச்சு நின்றிருப்பதை எமில்டா கவனித்தாள். சிறிது நேரம் அந்தப் பாதத்தை அப்படியே பிடித்திருந்தாள். இருபத்திரண்டு வருடம் லண்டன் கிங்ஸ்பரித் தெருக்களில் கடிதம் கொண்டு நடந்த பாதம். குதிகால் தோல் இன்னும் கட்டியாகவே இருந்தது. பிறகு அதற்கும் காலுறையை மாட்டி, விளிம்பை இழுத்து நேராக்கினாள். அதன் பின்னர்தான் மணியை அழுத்தினாள்.

தாதி வந்தாள். அவளுக்குப் பின்னால் இளம் டொக்டர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, பதினொன்று பத்து என்று எழுதினார். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு பத்தைக் காட்டியது. குளிர்காலத்துக்காக அன்று அதிகாலை நாடு முழுவதும் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்திருந்தார்கள். இந்தக் கடிகாரத்தை யாரும் தொடவில்லை போலும். எமில்டா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோப்பி வாங்கக் கீழே போயிருந்த மகள் சுவர்ணா இரண்டு கோப்பைகளோடு திரும்பி வந்தாள். கட்டிலைச் சுற்றித் திரை மூடியிருந்ததைக் கண்டதும் அவளுக்கு விளங்கிவிட்டது. கோப்பைகளை வைக்க இடம் தேடி, இரண்டையும் தரையில் வைத்துவிட்டு, அப்பாவின் நெஞ்சில் முகத்தைப் புதைத்தாள். எமில்டா மகளின் முதுகைத் தடவினாள். அவளுக்கு அழுகை வரவில்லை. மூன்று மாதமாக ஆஸ்பத்திரிக்கும் கவுன்சிலுக்கும் வீட்டுக்குமாக ஓடியதில், எங்காவது ஒரு மூலையில் படுத்துவிட்டால் போதும் என்ற எண்ணம் மட்டுமே மிஞ்சியிருந்தது.

ஆனால் இரண்டு மணிக்குக் கூட்டம்.

எமில்டா பதினொரு வருடமாகக் கவுன்சிலர். அடுத்த மே மாதத் தேர்தலுக்குக் கட்சி யாரை நிறுத்துவது என்று வட்டார உறுப்பினர்கள் அன்று வாக்களித்துத் தீர்மானிக்க இருந்தார்கள். முன்னைய மூன்று தடவையும் அவளை எதிர்த்து யாரும் பெயர் கொடுக்கவில்லை. இந்தத் தடவை றமணன் கொடுத்திருந்தான். ஜேர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்த முதல் எட்டு மாதமும் அவர்கள் வீட்டு மேல் அறையில் இருந்தவன் அவன். இப்போது சொந்தமாக எலக்ட்ரிக்கல் வேலை எடுத்துச் செய்கிறான், நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறான். கட்சி விண்ணப்பத்தை அவன் கையில் கொடுத்து, எங்கே கையெழுத்து வைப்பது என்று காட்டியவர் பெனடிக்ற்.

ஏப்ரலில் வன்னியில் ஷெல் விழுந்துகொண்டிருந்தபோது, இங்கே சனம் பாராளுமன்றத்துக்கு முன்னால் இரவு பகலாக உட்கார்ந்திருந்தது. போரை நிறுத்த எதுவும் செய்யாத ஆளுங்கட்சியை விட்டு எமில்டா விலகவேண்டும் என்று இளையவர்கள் கேட்டார்கள். அவள் விலகவில்லை. உள்ளே இருந்து அமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினாள். மே மாதத்தில் எல்லாம் முடிந்துபோனது. றமணனின் தமக்கை குடும்பம் அங்கே அகதி முகாமின் முள்ளுக்கம்பிக்குள் இருந்தது. ஜூலையில் அவன் எமில்டாவுக்குப் போன் எடுத்து, "அக்கா, உங்களோடை கோவமில்லை. ஆனா நான் நிக்கப்போறன்" என்றான்.

நேற்று மாலை அவள் பெனடிக்ற்றிடம், தான் போட்டியிலிருந்து விலகப்போவதாகச் சொன்னாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அப்ப நான் படுக்கையிலை கிடந்து வீடு வீடா போன் அடிச்சது ஆருக்கு?"

"எனக்கு ஏலாதப்பா. களைச்சுப்போனன்."

"களைச்சா நாளைக்குத் தோத்துப் போட்டு வாரும். ஓடாதையும்."

அதற்குப் பிறகு அவர் பேசிய ஒரே சொல் விடியப்புறம் கேட்ட 'தண்ணி' மட்டும்தான்.

திரைக்கு வெளியே சப்பாத்துச் சத்தம் கேட்டது. "அக்கா?" றமணனின் குரல்.

கூட்டத்துக்கென்று கறுப்புக் கோட்டும் டையும் போட்டிருந்தான். கட்டிலைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். கோட்டின் கடைசிப் பொத்தானைக் கழற்றினான், பூட்டினான்.

"எப்ப?"

"இப்பதான். அரை மணித்தியாலம் இருக்கும்."

"அண்ணை நேற்றுக் காலமை போன் எடுத்தவர். கூட்டத்துக்கு முதல் ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போடா எண்டார்." அவன் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டான். "'நில்லு, பயப்பிடாதை. ஆனா அவளை வெல்ல உனக்கு இன்னும் நாலு வருசம் வேணும்' எண்டு சிரிச்சார்."

சுவர்ணா தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

"நான் விலகிறன் அக்கா. இளங்கோவன் ஐயாட்டைச் சொல்லிக் கூட்டத்தைத் தள்ளிவைப்பம்."

"தள்ளிவைச்சு?"

"செத்தவீடு முடிய வைக்கலாம்."

"செத்தவீடு முடிய வைச்சா உனக்கு ஆர் போடுவினம்? எல்லாரும் பாவம் எண்டு எனக்குத்தான் போடுவினம்." எமில்டா கதிரையிலிருந்து எழுந்தாள். முழங்கால் வலித்தது. "அப்பிடி ஒரு வெற்றி எனக்கு வேண்டாம். அவருக்கும் பிடிக்காது. இண்டைக்கே நடக்கட்டும். நீ ஆருக்கும் வாய் திறக்காதை."

"அம்மா, ஆர் யூ சீரியஸ்?" சுவர்ணா அப்பாவின் கையைப் பிடித்தாள். "அப்பா இன்னும் சூடா இருக்கிறார்."

"தெரியும் பிள்ளை."

"பிறகு என்னெண்டு போறீங்கள்?"

இங்கே இருந்தாலும் செய்வதற்கு எதுவுமில்லை என்பது எமில்டாவுக்குத் தெரிந்தது. பிணவறைக்குக் கொண்டுபோக ஆட்கள் வர இரண்டு மூன்று மணித்தியாலம் ஆகும் என்று தாதி சொல்லியிருந்தாள். பாதிரியார் நேற்றே வந்து கடைசிச் செபம் சொல்லி எண்ணெய் பூசிவிட்டுப் போயிருந்தார். மரணத்தைப் பதிவதென்றால் நாளைக்குத்தான்.

"நீ அப்பாவோடை இரு. மூண்டரைக்குள்ளை வந்திடுவன்" என்று கோட்டை எடுத்தாள்.

சுவர்ணா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எமில்டா குனிந்து கணவனின் நெற்றியில் முத்தமிட்டாள். கோப்பியைத் தட்டிவிடாமல் விலகி நடந்தாள்.

அவளுடைய கார் சுவர்ணா வீட்டில், ரெய்னர்ஸ் லேனில் நின்றது. றமணனின் வேலை வான் வண்டியில்தான் போனார்கள். பின்னால் வயர்ச் சுருள்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் உருண்டன. பாதி வழியில் அவன், "சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டான். அவள் இல்லையென்று தலையாட்டினாள். பெற்றோல் நிலையமொன்றில் நிறுத்தி, ஒரு சான்ட்விச்சும் தண்ணீர்ப் போத்தலும் வாங்கி வந்தான். பாதியைத் தின்றாள். மற்றப் பாதியை அவன் தின்றான். மண்டபத்துக்கு ஒரு தெரு முன்னால், "இதிலை இறக்கி விடு. ஒண்டா வாறதைக் கண்டா கதைப்பினம்" என்றாள்.

நூலகத்துக்குப் பின்னாலிருந்த சிறிய மண்டபம். ஐம்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எல்லாரும் பேசிய ஆங்கிலத்தில் நாலைந்து ஊர் வாடை அடித்தது. கிளைச் செயலாளர் இளங்கோவன் வாசலிலேயே பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மலேசியாவிலிருந்து படிக்க வந்து, கணக்காளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விதிப் புத்தகத்தைப் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார் என்று பெனடிக்ற் கேலி செய்வதுண்டு.

"வாங்க, ரொம்பச் சோர்ந்திருக்கீங்களே" என்றார். "அண்ணன் எப்படி இருக்காரு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள்.

யார் முதலில் என்று சீட்டுக் குலுக்கியதில் றமணன் முதலில் பேசினான். நன்றாகவே பேசினான். அவள் பெயரைச் சொல்லவேண்டிய இடங்களில் சொல்லாமல் தாண்டினான். நேற்றுவரை அவன் கைவசம் இருந்த கூர்மையான வசனங்களை அவன் விழுங்குவது எமில்டாவுக்குத் தெரிந்தது. அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. நேரே அடியடா, என்று மனதுக்குள் சொன்னாள்.

அவளுடைய முறை வந்தது. எழுதி வைத்திருந்த காகிதம் ஆஸ்பத்திரியில் கிடந்தது. எதைப் பேசினாளென்று பின்னர் அவளுக்கு நினைவிருக்கவில்லை. கேள்வி நேரத்தில் தாரகா என்ற பெண் எழுந்தாள். சட்டம் படிப்பவள், ஏப்ரல் முழுக்க வெளியில் குளிரில் உட்கார்ந்திருந்தவள்.

"நீங்கள் ஏன் அப்போது விலகவில்லை?"

முன்வரிசை ஆட்கள் தாரகாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாற்பத்தொரு கடிதம் எழுதினேன்," என்றாள் எமில்டா. "ஆறுக்குப் பதில் வந்தது. அதனால் ஒரு உயிர்கூடத் தப்பவில்லை. விலகியிருந்தால் ஒரு உயிராவது தப்பியிருக்குமா என்று நான் தினமும் யோசிக்கிறேன். தெரியவில்லை. உனக்கு நான் வைத்திருக்கும் பதில் இவ்வளவுதான்."

தாரகா உட்கார்ந்தாள். திருப்தியா கோபமா என்று அவள் முகத்தில் தெரியவில்லை. முன்வரிசையிலிருந்த வயதான வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, பெனடிக்ற் கடிதம் போட்ட தெருக்காரி, கையை உயர்த்தினாள்.

"கேள்வி இல்லை. பென் எப்படி இருக்கிறார் என்று அறியத்தான்."

றமணன் தரையைப் பார்த்தான்.

"இப்போது வலி இல்லை" என்றாள் எமில்டா. சிலர் மகிழ்ச்சியோடு தலையசைத்தார்கள்.

பிறகு இளங்கோவன் எழுந்து, உறையிடப்பட்ட நாலு கடிதங்களைத் தூக்கிக் காட்டினார். வரமுடியாத நோயாளிகள் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியிருந்த தபால் வாக்குகள். ஒவ்வொரு பெயராக வாசித்தார். மூன்றாவது பெயர் பெனடிக்ற்.

எமில்டாவுக்கு அது தெரியாது. அவர் சொல்லவே இல்லை. எப்போது எழுதினார், யாரிடம் கொடுத்தனுப்பினார்? உறையின் மேல் அவருடைய கையெழுத்து, மூன்று வாரத்துக்கு முந்தைய கையெழுத்தைவிடச் சிறுத்து, ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. இளங்கோவன் உறையைப் பிரித்து, உள்ளிருந்த மடித்த தாளைப் பார்க்காமலே பெட்டிக்குள் போட்டார்.

எழுந்து சொல்லவேண்டும் என்று தோன்றியது. இந்த வாக்குக்குரியவர் காலையில் செத்துப்போனார் என்று சொல்லவேண்டும். சொன்னால் இந்த மண்டபம் முழுக்க அழும். அழுத கையோடு வாக்குப் போடும். சொல்லாவிட்டால் அது வேறு விதமான களவு. றமணனைத் திரும்பிப் பார்த்தாள். அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இலேசாகத் தலையை அசைத்தான். வேண்டாம் என்கிறானா, சொல்லுங்கள் என்கிறானா? அதற்குள் வாக்குச் சீட்டுகள் வரிசை வரிசையாகக் கைமாறத் தொடங்கிவிட்டன.

எண்ணி முடிக்க இருபது நிமிடம் ஆனது. இளங்கோவன் இரண்டு தடவை எண்ணினார். மொத்தம் ஐம்பத்தேழு. எமில்டாவுக்கு இருபத்தொன்பது, றமணனுக்கு இருபத்தெட்டு.

கைதட்டல் எழுந்தது. பாதிப் பேர்தான் தட்டினார்கள். எமில்டா எழுந்து மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு விசயம் சொல்ல இருக்கிறது. என் கணவர் இன்று காலை பதினொன்று பத்துக்கு இறந்துவிட்டார். வாக்களிக்கும் முன் நான் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் எப்படி வாக்களிப்பீர்கள் என்று தெரிந்துதான் சொல்லவில்லை. ஆனால் அவருடைய வாக்கும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. ஒரு வாக்கால் வந்த முடிவு. அதைச் செல்லாதென்று நீங்கள் சொன்னால் எனக்கு ஆட்சேபணை இல்லை."

யாரோ மூச்சை இழுத்த சத்தம். முன்வரிசைக் கிழவி வாயில் கையை வைத்தாள். இளங்கோவன் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டார். விதிப் புத்தகத்தைத் திறந்தார். நீண்ட நேரம் தேடினார்.

"கடைசித் தேதிக்கு முன்னால் உறுப்பினர் உயிரோடிருந்து அனுப்பியிருந்தால் வாக்குச் செல்லும்" என்று ஆங்கிலத்தில் வாசித்தார். பிறகு தமிழில், அவளுக்கு மட்டும், "வெள்ளிக்கிழமை நானே போய் வாங்கிட்டு வந்தேம்மா. நல்லாப் பேசிட்டிருந்தாரு" என்றார்.

"தோற்றவர் ஆட்சேபிக்கலாமா?" என்று பின்னாலிருந்து ஓர் இளைஞன் கேட்டான்.

றமணன் எழுந்தான். "எனக்குக் காலையிலேயே தெரியும். ஆட்சேபணை இல்லை. அவர் யாருக்குப் போட்டாரென்று யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு, டையைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்தான்.

திரும்பி வரும்போதும் அவனுடைய வானில்தான் வந்தாள். சிவப்பு விளக்கில் நின்றபோது அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதான். பச்சை விழுந்தும் வான் அசையவில்லை. பின்னாலிருந்த கார் ஹோர்ன் அடித்தது.

"எடு தம்பி" என்றாள் எமில்டா.

ஆஸ்பத்திரியில் கட்டில் வெறுமையாக இருந்தது. விரிப்பைக்கூட மாற்றிவிட்டிருந்தார்கள். சுவர்ணா அப்பாவின் கண்ணாடி, மோதிரம், செபமாலை எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு மடியில் வைத்திருந்தாள்.

"இப்பதான் கொண்டுபோனவை" என்றாள். "வெண்டிட்டீங்களா?"

"ஓம்."

சுவர்ணா பையின் வாயை முடிந்தாள். "அப்பா சந்தோசப்படுவார்" என்றாள். அம்மாவின் தோளில் சாய்ந்துகொள்ள அவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் எடுத்தது.

ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. வீட்டு வாசலில் சப்பாத்துகள் நிறையத் தொடங்கின. கோயில் ஆட்கள், பழைய தபால்காரர்கள், கட்சிக்காரர்கள். யாரோ தேத்தண்ணி ஊற்றினார்கள். றமணன் கராஜிலிருந்து மடக்குக் கதிரைகளை எடுத்து வந்து விரித்துக்கொண்டிருந்தான். எமில்டா சோபாவின் ஓரத்தில் இருந்தாள். வருகிறவர்கள் கையைப் பிடித்தார்கள், விட்டார்கள்.

மணி அடித்தது. கதவருகில் வேறு யாருமில்லாததால் அவளே எழுந்து போனாள். அறியாத மனிதர். ஐம்பது வயதிருக்கும். இந்தியத் தமிழ்.

"மேடம், நான் பத்ரிநாராயணன். பின்னாடி கவுன்சில் ஃப்ளாட்ல இருக்கேன். ஞாயித்துக்கிழமை தொந்தரவு பண்றேன், மன்னிக்கணும்." சப்பாத்துக் குவியலைப் பார்த்தார். "இன்னிக்கு நீங்க ஜெயிச்சுட்டீங்கன்னு கடையில சொன்னாங்க. வீட்ல விசேஷம் போல. நான் வேணா நாளைக்கு வரட்டுமா?"

"பறவாயில்லை. என்ன விசயம்?"

"லிஃப்ட் ஒன்பது நாளா ஓடல. என் மனைவிக்கு டயாலிசிஸ். வாரத்துக்கு மூணு தடவை நாலு மாடி இறக்கி ஏத்தறேன். போன் பண்ணிப் பண்ணி அலுத்துட்டேன். நாளைக்குக் காலைல மறுபடி போகணும்."

உள்ளே செபமாலை தொடங்கியிருந்தது. ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து முடிக்கும் அந்தத் தாழ்ந்த குரல்கள் நடைவழி வரை வந்தன. அந்த மனிதர் காதைத் தீட்டுவதுபோல உள்ளே எட்டிப் பார்த்தார்.

எமில்டா வெளியே இறங்கி, கதவைத் தனக்குப் பின்னால் சாத்தினாள். இன்னும் கழற்றாத கோட்டின் பையிலிருந்து பேனாவை எடுத்து, எழுத உள்ளங்கையை விரித்தாள்.

"ஃப்ளாட் நம்பரைச் சொல்லுங்கோ" என்றாள்.