பத்தாயிரத்தொரு மூடிகள்

என் தங்கையின் வீட்டுப் பின்னறையில் பத்தாயிரத்தொரு பாட்டில் மூடிகள் குவிந்து கிடந்தன. மதுக்கடைக் குப்பையிலிருந்து அவற்றைப் பொறுக்கிச் சேர்த்தவர் அவள் கணவர். தெருவார் அவருக்கு இட்ட பெயர் மூடி மன்னர். ஒன்றையேனும் அவர் கழுவினாரில்லை. புளித்த பானமும் எச்சிலும் சிகரெட் சாம்பலும் குழைந்து, தரை செருப்பைப் பிடித்து இழுத்தது. கரப்பான்கள் குடும்பத்தோடு வாழ்ந்தன.

அவ்வறை தங்கையின் தையல் இயந்திரத்துக்கு உரியது. அதுவோ அடுப்பருகே நின்றது. ஒரு வாடிக்கைக்காரி, சட்டை நாறுகிறதென்று திருப்பி எறிந்துவிட்டாள். அடுத்த வாரம் பள்ளிச் சீருடைத் துணி வரவிருந்தது. அறை கிடைக்காவிடில் அவ்வேலையும் கைநழுவும்.

மாப்பிள்ளை வாக்களித்திருந்தார்: பத்தாயிரத்தைத் தாண்டியபின், மிச்சமின்றிச் செவ்வகமாகச் சுவரில் அடங்கும் முதல் எண்ணோடு நிறுத்தி, எல்லாவற்றையும் ஒட்டிவிடுவார்.

“ஒத்தை ஒண்ணு உதைக்குது மச்சான். ரெண்டு, மூணு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு... எதுலயும் போகல. பகா எண். நான் என்ன செய்ய?” என்றார், மூடி பொறுக்கிய விரலாலேயே பல்லைக் குத்தியபடி.

ஐம்பத்திரண்டாம் அகவையில் பள்ளி இறுதித் தேர்வு தேறியவன் நான். பதின்மூன்றோடு களைத்துப்போகும் வகுத்தலை ஏற்க இயலாது. ஓர் எண் பகா எண்ணா என்றறிய, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்கள் அனைத்தாலும் வகுத்துப் பார்த்தல் வேண்டும். இங்கு அவ்வெல்லை நூறு. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வாசற்படியில் அமர்ந்து வகுத்தேன். எழுபத்துமூன்றில் மீதி பூச்சியம்.

“எழுபத்திமூணு வரிசை மாப்ளே. வரிசைக்கு நூத்தி முப்பத்தேழு. சுவர்ல கச்சிதமா உக்காரும்.”

அவர் முகம் சுருங்கியது. பின்பு சட்டைப்பையிலிருந்து ஈரமான மூடியொன்றை எடுத்துக் குவியலின்மேல் வைத்தார். அதில் எவருடையதோ முடி சுருண்டிருந்தது.

“இப்போ பத்தாயிரத்தி ரெண்டு. போடுங்க கணக்கை!”

போட்டேன். ஆறு வரிசை அமைக்கலாம். வரிசைக்கு ஆயிரத்து அறுநூற்று அறுபத்தேழு மூடிகள். அதற்குத் தெரு நீளச் சுவர் வேண்டும்.

“நாய் வாலை அளவுகோல் வச்சு நிமித்தப் பாக்கறியேண்ணே!” என்றபடி உள்ளே வந்த தங்கை, அந்த மூடியைக் கத்தரிக்கோல் நுனியால் கவ்வி, சன்னல் வழியே சாக்கடையில் போட்டாள். “இப்போ எத்தனை?”

“பத்தாயிரத்தி ஒண்ணு.”

மாப்பிள்ளை சாக்கடையை எட்டிப் பார்த்து, சட்டைக்கையை மடித்தார்.

“அதுல கையை விட்டீங்கன்னா, அந்தக் கையோட இந்தப் படியேறக் கூடாது. சொல்லிட்டேன்.”

மடித்ததை இறக்கிவிட்டு, அவர் பசை டப்பாவைத் திறந்தார். ஒருவரால் முடியும் வேலையன்று அது. நானும் அமர நேர்ந்தது. முதல் வரிசை முடிந்தபோது என் கட்டைவிரலில் ஒரு மூடி ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. யாரோ கடித்துத் திறந்த மூடி. பல்தடத்தில் எச்சில் காய்ந்திருந்தது.