முப்பத்தாறில் முடியும் எண்

ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு அவள் பட்டறைக்கு வந்தபோது, எல்லாமே தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் தோன்றியது. செயற்கைப் பல் செய்வது அவள் தொழில். அலமாரியில் பிளாஸ்டர் தாடைகள் காலை வெளிச்சத்தில் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தன. கால் தரையில் பாவவில்லை.

பல் டாக்டர் போனில் சொல்லியிருந்தார்: ஒரு பாடகிக்கு முன்பல் உடைந்துவிட்டது, நாளை மறுநாள் மேடை, நிறமும் அளவும் மெயிலில் இருக்கின்றன.

கம்ப்யூட்டரில் மெயில் புரோகிராமைத் திறந்தாள். சின்னப் பெட்டி ஒன்று எழுந்து பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தாள். மறைந்தது, மறுபடி வந்தது. மறுபடியும் கொடுத்தாள். அதுவும் மறுபடியும் வந்தது, வாசலை விட்டு நகராத விருந்தாளிபோல.

அப்போதுதான் நினைவு வந்தது. காய்ச்சல் உச்சத்தில் இருந்தபோது, பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிப் போன் நச்சரித்தது. அரைத் தூக்கத்தில் மாற்றியிருந்தாள். எதை வைத்தாள்? கனவில் ஒரு நீண்ட நடைவழி. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு சொல்லைச் சொல்லி அவள் நடந்துகொண்டே இருந்தாள். கதவுகள் நினைவிருந்தன. சொற்கள்தான் இல்லை.

‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?’ என்ற இடத்தை அழுத்தினாள். 36-இல் முடியும் எண்ணுக்குக் குறியீடு அனுப்பப்பட்டதாகத் திரை சொன்னது.

அது அவள் நாத்தனாரின் எண். இவள் வீட்டில் தங்கியிருந்த காலத்தில் நாத்தனார்தான் இந்த மெயிலைத் தொடங்கிக் கொடுத்தாள். எட்டு மாதத்துக்கு முன், “வர்றதும் தெரியல, போறதும் தெரியல. இது வீடா, சத்திரமா?” என்று இவள் கேட்டாள். அந்த வாரமே நாத்தனார் வேறு அறை பார்த்துப் போய்விட்டாள். அதற்குப் பிறகு பேச்சில்லை.

போனை எடுத்தாள், வைத்தாள். அது தானே அடித்தது.

“அண்ணி, ஏதோ ஆறு நம்பர் வந்திருக்கு. நீங்கதானா, இல்ல திருடனா?”

“நான்தான்.”

“குரல் என்ன கிணத்துக்குள்ள இருந்து வருது?”

“காய்ச்சல்.”

“அண்ணன் வாயத் தொறக்கல பாருங்க. சரி, எழுதிக்கோங்க.”

புதிய பாஸ்வேர்டு வைத்தாகிவிட்டது. பெட்டி அப்படியும் அசையவில்லை.

“அது பழசையே கெட்டியாப் புடிச்சிட்டிருக்கும். செட்டிங்ஸ்ல சேமிச்ச பாஸ்வேர்டுன்னு இருக்கும், அழிச்சிட்டு மூடித் திறங்க.”

“செஞ்சிட்டேன். இப்பவும் கேக்குது.”

“ஒரு வெத்துப் பக்கத்துல அதையே அடிச்சுப் பாருங்க. புள்ளி புள்ளியா இருந்தா என்ன அடிக்கிறோம்னு தெரியாது.”

அடித்தாள். வெள்ளைப் பக்கத்தில் பொருளில்லாமல் தமிழ் எழுத்துகள் மிதந்து வந்தன. வாய்விட்டுப் படித்தாள். மறுமுனையில் சிரிப்பு வெடித்தது.

“பாஸ்வேர்டு வெச்சப்புறம் எதையோ தட்டி, கீபோர்டு தமிழுக்கு மாறிடுச்சு அண்ணி! மெயிலுக்கு அவ்ளோ தமிழ் தெரியாது!”

மாற்றி அடித்ததும் பெட்டி போனது. ஐந்து நாள் மெயில்கள் ஒவ்வொன்றாக, இறகுபோல் இறங்கின. அவற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

மறுமுனையில் கதவு ஒன்று சாத்தப்பட்டது.

“எனக்கு அப்ப வேலை போயிருந்துச்சு அண்ணி. சொல்ல வெக்கமா இருந்துச்சு. பகல் முழுக்க லைப்ரரில உக்காந்திருப்பேன். சும்மா.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே!”

“இப்ப வேலை இருக்கு. நாள் பூரா போன்ல ஊரார் பாஸ்வேர்டைச் சரிபண்ணிக் கொடுக்கறதுதான்.” பிறகு மெதுவாக, “அந்த நம்பரை எடுத்துட்டு உங்களோடத போட்டுடலாமா?”

“வேணாம். இருக்கட்டும்.”

டாக்டரின் மெயிலைத் திறந்தாள். பாடகியின் பல் தூய வெள்ளையல்ல. வேர்ப்பக்கம் தேநீரின் சாயல். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு, பீங்கான் பொடியைக் குழைத்துத் தூரிகையால் மெல்ல ஏற்றத் தொடங்கினாள்.

“உன் ரூம்ல ஜன்னல் இருக்கா?” என்று கேட்டாள்.

“இருக்கே. எதிர்ல ஒரு தையல் கடை. பத்து மெஷின், பத்துப் பேரும் ஒரே நேரத்துல குனிவாங்க…”

நாத்தனார் சொல்லிக்கொண்டே போனாள். இவள் தூரிகையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.