கழுத்துக்கு ஏற்ற கேமரா

ஞானமணியின் கழுத்து எலும்பைத் தேய்த்த பெருமை பொன்னமராவதி வட்டாரத்துக் கல்யாண வீடுகளையே சேரும். முகூர்த்தம் தவறாமல் அவர் டிஎஸ்எல்ஆர் கேமராவைக் கழுத்தில் மாட்டினார். அதில் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ், அதன் தலையில் ஒரு பிளாஷ். மாப்பிள்ளை கழுத்தில் மாலை கொஞ்ச நேரம்தான் கிடக்கும். ஞானமணி கழுத்தில் அந்தப் பாரம் பெண் அழைப்பிலிருந்து கடைசிப் பந்தி வரைக்கும் கிடந்தது. ஒருநாள் காலையில் பல் துலக்கும்போது வலது கை விரல்கள் மரத்துப்போய் பிரஷ் தானாகக் கீழே விழுந்தது. புதுக்கோட்டை டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தொழிலை விடுறீங்களா, கேமராவை விடுறீங்களா?" என்று கேட்டார்.

ஞானமணிக்கு வேறு தொழில் தெரியாது. ஆகவே கேமராவை விட்டார். திருச்சிக் கடையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, காம்பேக்ட் கேமரா ஒவ்வொன்றிலும் கடைப் பையனின் முகத்தையே எடுத்து எடுத்துப் பார்த்தார். கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். சட்டைப் பையில் அடங்குகிற சோப்பு டப்பா அளவுதான். ஆனால் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினால் பையனின் புருவ முடியை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். பழைய கேமரா எடுத்ததற்கு இது எந்த வகையிலும் குறைச்சல் இல்லை. தனக்கு மறுபிறவி கிடைத்த சந்தோஷத்தோடு வீடு திரும்பியவரை மனைவி அன்புமொழி ஒரே கேள்வியில் தரைக்கு இறக்கினாள்.

"இது கேமராவோட சார்ஜருங்களா?"

அவள் வாய் முகூர்த்தம், அடுத்த வாரமே பலித்தது. குடுமியான்மலைப் பக்கம் ஒரு கிரகப்பிரவேசம். பால் பொங்கும் நேரத்தில் ஞானமணி அடுப்புக்கு எதிரே நல்ல இடமாகப் பிடித்துக் கேமராவும் கையுமாக நின்றார். வீட்டுக்காரரின் சித்தப்பா வந்து அவர் தோளைத் தொட்டு, "கொஞ்சம் அங்கிட்டு ஒதுங்கி நில்லுங்க. போட்டோக்காரர் வருவாரு, அவருக்கு மறைக்கும்" என்றார்.

"நான்தாங்க போட்டோக்காரர்."

சித்தப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கையில் இருந்ததையும் பார்த்தார். "அப்ப பெரியவரு வரலையா?" என்று கேட்டார். இந்த விசாரணை முடிவதற்குள் பால் பொங்கி, வழிந்து, அடுப்பும் அணைந்துவிட்டது.

மற்ற படங்கள் அற்புதமாக வந்தன. அதை யார் கேட்டார்கள்? "போட்டோக்காரர் போன்லயே எடுத்துட்டுப் போயிட்டாரு" என்ற பேச்சு அவருக்கு முன்னால் பஸ் ஏறி பொன்னமராவதிக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் ஸ்டுடியோவுக்கு வந்தவர்கள் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்தவர்கள் மட்டும்தான்.

அந்தச் சமயத்தில்தான் ஹார்டுவேர் கடை பெரியண்ணன் வந்தார். அவர் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் கார்முகிலுக்குத் துபாயில் லீவு கிடைக்காததால் பையனின் காது ஆறு வயது வரைக்கும் முழுசாகவே இருந்தது. இப்போது மாமன் வந்து இறங்கிவிட்டான்.

"ஞானமணி, மாமன் சீரு வருது. என் பங்காளி வீட்டு விசேஷத்துல வந்த கேமராவை ஒருத்தன் ரெண்டு கையாலயும் தூக்குனான். நம்ம வீட்டுல அதைவிடப் பெருசா இருக்கணும். ஒங்கிட்ட இருந்தா சொல்லு. இல்லாட்டி நான் திருச்சியில ஆளைப் பாத்துக்கிறேன்."

"இருக்குண்ணே" என்று ஞானமணியின் வாய் சொல்லிவிட்டது. கை தானாகப் பிடரியைத் தடவியது. பெரியண்ணன் வீட்டு விசேஷம் கைநழுவினால் இந்த ஊரில் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள். பழைய பாரத்தை மாட்டினால் கை விளங்காமல் போகும். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அன்புமொழி ரசத்தை ஊற்றிக்கொண்டே யோசித்தாள். "அவுக படத்தைப் பத்தி எதுவும் கேட்டாகளா?"

"இல்ல."

"கேமராவைத்தானே கேட்டாக? பெரிய கேமராவைக் காட்டுங்க, சின்னதுல எடுங்க."

"காட்டுறதுக்கும் கழுத்துலதானே மாட்டணும்?"

"மூக்கன் அண்ணன் கல்யாண மேடைக்கு யானையே செய்யிறாரு. அதை ஒத்தைக் கையில தூக்கிட்டு வாராரு."

மூக்கன் தெர்மாகோல் அலங்காரத்தில் அந்த வட்டாரத்திலேயே பேர்போனவர். அன்னமும் மயிலும் செதுக்கிச் சலித்துப்போயிருந்த மனுஷனுக்கு இந்த வேலை தேனாக இனித்தது. பழைய கேமராவை மாதிரிக்கு வைத்துக்கொண்டு, அதைவிட இரண்டு மடங்கு பெரிதாக ஒன்றைச் செதுக்கினார். கறுப்புப் பெயின்ட், லென்ஸைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம், முகப்பில் ஸ்வீட் டப்பா மூடியிலிருந்து வெட்டிய வட்டம், பட்டனுக்குச் சட்டைப் பித்தான். தன் வேலை எதுவானாலும் அடியில் போன் நம்பர் எழுதுவது அவர் வழக்கம். இதிலும் எழுதினார். கழுத்தில் மாட்டியபோது ஞானமணிக்கு எதையும் மாட்டிய மாதிரியே இல்லை. கண்ணாடியில் பார்த்தார். நல்ல உயரமாகத் தெரிந்தார்.

காதுகுத்து அன்று மண்டப வாசலில் அவர் காலை வைத்ததுமே கூட்டம் வழிவிட்டது. குடுமியான்மலைச் சித்தப்பாவும் அங்கே இருந்தார். "பெரியவரு வந்துட்டாரு, ஒதுங்குங்க, ஒதுங்குங்க" என்று அவரே முன்னால் ஓடி வழி பண்ணினார்.

ஞானமணி பெரிய கேமராவைக் கண்ணுக்கு உயர்த்துவார். குடும்பம் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு, வயிற்றை உள்ளே இழுத்து, முகத்தை இறுக்கி நிற்கும். அவர் பித்தானை அமுக்கி, "ஆச்சு" என்று பெரியதை இறக்குவார். உடனே எல்லோரும் மூச்சு விடுவார்கள், ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள், ஒரு சித்தி குழந்தையின் மூக்கைத் துடைப்பாள். அந்த நேரத்தில் உள்ளங்கையில் இருக்கும் சின்னது சத்தமில்லாமல் எடுத்துவிடும். மனிதர்கள் இவ்வளவு அழகாக இருப்பார்கள் என்று ஞானமணி இத்தனை வருஷத் தொழிலில் கண்டதில்லை. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

செண்டை மேளமும் வெடியுமாக மாமன் சீர் வந்தது. தட்டுத் தட்டாகப் பழம், பட்டு, கடைசியில் மாலை போட்ட கிடா. கோட்டு சூட்டில் வியர்த்து வழிந்த கார்முகில், சீரை இறக்கிய கையோடு நேராக ஞானமணியிடம் வந்தான்.

"அண்ணே, இது என்ன மாடல்? குடுங்க, பாப்போம்."

ஞானமணி கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டார். "வேணாம் தம்பி, இது கொஞ்சம்…" என்று இழுத்தார். மாமனுக்கு இல்லை என்று சொல்ல அந்த மண்டபத்தில் யாருக்கும் அதிகாரம் இல்லை. பெரியண்ணனே, "மாப்பிள்ளை கேக்குறாருல்ல, குடுப்பா" என்றார்.

பாரமாக இருக்கும் என்று நினைத்துக் கார்முகில் இரண்டு கையாலும் தம்கட்டித் தூக்கினான். கேமரா அவன் தலைக்கு மேலே போய் நின்றது. ஒரு கணம் அவன் முகம் வெளிறியது. சுற்றி நூறு பேர் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துபாயில் இருப்பவன் தெரியாது என்று சொல்ல முடியுமா?

"கார்பன் பாடி" என்றான் கார்முகில். "துபாய்ல இப்ப எல்லாம் இதுதான் மச்சான். வெயிட்டே இருக்காது." திருப்பி அடியில் பார்த்தான். "மாடல் நம்பரே பத்து இலக்கம் வருது பாருங்க." பித்தானை அமுக்கினான். "சத்தம் கேட்டுச்சா? கேக்காது. சைலன்ட் ஷட்டர்."

கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. பெரியண்ணன் தன் பங்காளியை ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்காகவே அவர் மண்டபம் பிடித்திருந்தார் என்று சொன்னாலும் தப்பில்லை.

கார்முகில் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய மருமகனை மடியில் வைத்துக்கொண்டான். ஆசாரி ஊசியை எடுத்தார். பையன் ஊரைக் கூட்டினான். மாமனுக்கு வேர்க்கிறது என்று யாரோ பெடஸ்டல் ஃபேனை அவர்கள் பக்கம் திருப்பினார்கள். எல்லோரும் பையனையே பார்த்துக்கொண்டிருக்க, ஞானமணி உள்ளங்கைக் கேமராவோடு ஊசி மேல் கண்ணாக இருந்தார். நிமிர்ந்தபோது, பையனின் அம்மா சொர்ணவல்லி பின்னால் நின்று விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். தம்பி மடியில் மகனைப் பார்த்த சந்தோஷம் என்று நினைத்து, அதையும் எடுத்துக்கொண்டார்.

படங்களைப் பார்க்க பெரியண்ணனும் கார்முகிலும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். பத்துப் படம் தாண்டியதும் பெரியண்ணனின் மீசை துடித்தது.

"என்னப்பா இது? ஒருத்தராச்சும் நேரா பாக்குறாங்களா? எங்க சித்தி மூக்கு தொடைக்கிறதெல்லாம் ஆல்பமா?"

ஞானமணியிடம் நேராகப் பார்க்கிற படம் ஒன்றுகூட இல்லை. அதையெல்லாம் தெர்மாகோல் அல்லவா எடுத்தது? தொழில் முடிந்தது என்றே நினைத்தார்.

"மச்சான், இது கேண்டிட். போஸ் குடுக்காதப்ப எடுக்குறது" என்றான் கார்முகில். "பெரிய லென்ஸ்ல எடுத்தாத்தான் இப்படி வரும்."

"அப்படியா?" பெரியண்ணனுக்கு அதே படங்கள் உடனே அழகாகத் தெரிய ஆரம்பித்தன. சித்தியை முழுப் பக்கத்துக்குப் போடச் சொன்னார். சொர்ணவல்லி சிரிக்கிற படம் வந்ததும் மட்டும் முகத்தைச் சுளித்தார். "வீட்டுப் பொம்பளை இப்படியா பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறது? இதைத் தூக்கிரு."

எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். ஞானமணிக்கு மனசு வலித்தது. ஆனாலும் தலையை ஆட்டினார். படத்தை மட்டும் அழிக்காமல் ஓரமாக வைத்தார்.

ஆல்பம் வீடு போய்ச் சேர்ந்தது. ஞானமணிக்கு வரிசையாக விசேஷங்கள் வந்தன. நார்த்தாமலை, குடுமியான்மலை என்று எல்லா ஊரிலும் 'கார்பன் பாடி'யைக் கொண்டுவரச் சொல்லியே கூப்பிட்டார்கள். விரல் மரத்துப்போவதும் குறைந்தது. ஒரு மத்தியானம், சந்தைக்கு வந்த கையோடு, சொர்ணவல்லி தனியாக ஸ்டுடியோவுக்குள் வந்தாள்.

"அண்ணே, நான் சிரிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்தீங்களாமே? என் தம்பி சொன்னான்."

ஞானமணி காட்டினார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். "கல்யாண ஆல்பத்துலகூட நான் அழுத மாதிரிதான் இருக்கேன்" என்றாள் மெதுவாக. "இதைப் பெருசு பண்ணிக் குடுங்க. கூடத்துல மாட்டணும்."

"தம்பியைப் பாத்து அவ்வளவு சந்தோஷமா தங்கச்சி?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "காத்தாடியைத் திருப்புனாகள்ல? அவன் கழுத்துல கெடந்த கேமரா அப்படியே எந்திரிச்சு, அவன் தாடையில போயி மோதுச்சுண்ணே. அவன் அமுக்குறான், அது பறக்குது. அமுக்குறான், பறக்குது."

ஞானமணி வாசலை எட்டிப் பார்த்தார். "தங்கச்சி…"

"பயப்படாதீங்க, நான் யாருகிட்டயும் மூச்சு விடல. அதுல ஒங்க மானம் மட்டுமா தொங்குது, என் தம்பி மானமும்ல தொங்குது? எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா அவனை ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாக."

அவருக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது. இவ்வளவு தெரிந்தவளிடம் இனி மறைக்க என்ன இருக்கிறது என்று சட்டைப் பையிலிருந்து சின்னக் கேமராவை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "இதுதான் எடுத்துச்சு."

சொர்ணவல்லி அதைப் புரட்டிப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மறுபடியும் கேமராவைப் பார்த்தாள். "இதா?" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. "இருக்கட்டும்ணே. கேட்டா பெரிசுல எடுத்ததுன்னே சொல்லுங்க. இல்லாட்டி அவுக சுவத்துல ஆணி அடிக்க விடமாட்டாக."

"சொல்லிர்றேன்."

"வந்தது வந்தேன், தனியா ஒரு படம் எடுத்துருங்க. இதே மாதிரி சிரிச்ச முகமா வரணும்."

அவளைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, ஞானமணி சின்னக் கேமராவை உயர்த்தினார். அவள் முகத்தில் ஒன்றுமே வரவில்லை. கண் அவர் கையைத் தாண்டி, பின்னால் ஆணியில் தொங்கிய பெரிய கேமராவிலேயே நின்றது. அவரும் காத்திருந்து பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே" என்றாள் சொர்ணவல்லி. "அதையும் எடுத்துக் கழுத்துல மாட்டிக்கங்க. படம் எடுக்குற மாதிரியே இல்ல."

ஞானமணி மாட்டிக்கொண்டார். அவள் முந்தானையைச் சரிசெய்து, நெற்றிப் பொட்டைத் தொட்டுப் பார்த்து, மூச்சை அடக்கி, தெர்மாகோலை நேருக்கு நேராகப் பார்த்து விறைப்பாக உட்கார்ந்தாள்.