முப்பத்தோராவது நிமிடத்தில் ஒரு கொட்டாவி

அரசியின் குரலுக்கு ஒரு பகல் என்று விலை சொன்னாள் சூனியக்காரி. செத்துப்போன மகனோடு விடியலிலிருந்து அந்தி வரைக்கும் இருந்துகொள்ளலாம். அந்தி சாய்ந்ததும் குரல் கைமாறிவிடும், அப்புறம் ஆயுசுக்கும் ஊமை. திரையில் அரசி ஒரு நொடிகூட யோசிக்காமல் தலையை ஆட்டிவிட்டாள். மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மனைவியின் முகத்துக்கு விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த பொத்தான் கடைக்காரருக்கு வயிறு எரிந்தது. சொன்ன விலைக்குத் தலையாட்டுகிறவள் இத்தனை நாள் ஒரு நாட்டை எப்படிக் கட்டி ஆண்டாள்? மூன்று பகல் என்று கேட்டிருந்தால் ஒன்றரைக்காவது படிந்திருக்குமே! ஆனால் வாயைத் திறக்க முடியாது. கேமரா ஓடும்போது அந்த வீட்டில் அவர் இருமினால்கூடக் குற்றம்.

மனைவி அழுதுகொண்டிருந்தாள். வலது கண்ணில் இரண்டு துளி, இடது கண்ணில் இரண்டு துளி. மூக்கு சிவக்கவில்லை. 'நிழல்துறை' தொடரின் புதுப் பகுதி வருகிற நாளெல்லாம் மாலையில் அவள் இப்படி உட்கார்ந்து, தான் பார்ப்பதையும் பதறுவதையும் அழுவதையும் படமெடுத்து இணையத்தில் போடுவாள். அதைப் பார்க்கப் பதினோராயிரம் பேர் இருந்தார்கள். அவளை 'அக்கா' என்று கூப்பிட்டார்கள். அக்கா எங்கே அழுகிறாளோ அங்கே அவர்களும் அழுதார்கள். ஒவ்வொரு முறையும் அவள் தொடங்குவது ஒரே வாக்கியத்தில்தான்: "நான் இன்னும் பாக்கவே இல்லப்பா, உங்களோட சேர்ந்துதான் முதல் தடவையா பாக்கப் போறேன்."

அந்த வாக்கியம்தான் இன்று அவரை உறுத்தியது. ஏனென்றால் மதியமே அவள் பார்த்துவிட்டாள். அவர் கண்ணால் கண்டது அது.

ஒரு சட்டைக் கம்பெனிக்குக் காட்ட வேண்டிய மாதிரி அட்டையை மறந்துவிட்டு, அதை எடுக்க மதியம் வீட்டுக்கு வந்திருந்தார். அறைக்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இதே சூனியக்காரி இதே விலையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மனைவி கட்டிலில் ஒரு காலை மடக்கி, கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். அரசி மகன் பெயரைச் சொல்லிக் கதறிய இடத்தில் மனைவி சுண்டுவிரலுக்கு வந்திருந்தாள். அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. விற்கிற சரக்கை முதலில் நாம் தடவிப் பார்க்க வேண்டாமா? எவ்வளவு நீளம், எங்கே கிழிசல் என்று தெரிந்துகொண்டுதானே கடை விரிக்க முடியும்? பத்தொன்பது வருஷம் ஒரு வியாபாரியோடு குடும்பம் நடத்தியவள், சும்மாவா என்று நினைத்துக்கொண்டு, அட்டையைத் தேடி எடுத்துக் கிளம்பினார்.

செருப்பை மாட்டும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தும்மல் என்று முதலில் நினைத்தார். தும்மல் ஒன்றோடு நிற்கும். இது நிற்கவில்லை. எட்டிப் பார்த்தார். வாயில் துப்பட்டாவை வைத்து அழுத்திக்கொண்டு, தோள் குலுங்க, முகமெல்லாம் கோணிப்போய், பார்க்கவே நன்றாயில்லாத ஓர் அழுகை. பதினோராயிரம் பேருக்குக் காட்ட முடியாத அழுகை. அவள் எழுந்து, படத்தை நிறுத்திவிட்டு, முகம் கழுவப் போனாள். அவர் இரண்டே எட்டில் உள்ளே போய்த் திரையைப் பார்த்தார். ஓர் ஆற்றங்கரை. யாரோ ஒரு படகுக்காரன் குனிந்து முளையில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். அரசி இல்லை, சூனியக்காரி இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கீழே ஓடிய நேரம்: முப்பத்தொன்று, பன்னிரண்டு. பின்கால் வைத்து வந்து, தாழ்ப்பாள்கூடச் சத்தம் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். எதிராளியின் கொள்முதல் விலை கண்ணில் பட்டுவிட்டால் அதை வெளியே சொல்லக் கூடாது. அது அவர் தொழிலில் படித்தது.

இப்போது விளக்கைப் பிடித்துக்கொண்டு அந்த முப்பத்தொன்றுக்காகக் காத்திருந்தார். வந்தது. ஆறு வந்தது, படகுக்காரன் வந்தான். மனைவி கொட்டாவி விட்டாள். தண்ணீர் பாட்டிலை எடுத்து இரண்டு வாய் குடித்தாள். "இந்த எடம் கொஞ்சம் இழுக்குது, இல்ல?" என்று கேமராவிடம் சொன்னாள்.

பொத்தான் கடைக்காரர் அந்தக் கொட்டாவியை அடையாளம் கண்டுகொண்டார்.

சந்தையில் ஒரு பொருள் மனசுக்குப் பிடித்துவிட்டால் கண் அதன் மேல் நிற்கக் கூடாது. பக்கத்தில் கிடக்கிற மட்டமான சரக்கைத் தடவிக்கொண்டே, வேண்டியதைப் பார்த்துக் கொட்டாவி விட வேண்டும். கல்யாணமான புதிதில், ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கப் போன இடத்தில், அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

மறுநாள் கடையில் வியாபாரம் ஓடவில்லை. கைபேசியில் அந்தப் பகுதியைத் தேடிப்பிடித்து, நேராக முப்பதாவது நிமிடத்துக்குப் போனார். பக்கத்து நூல் கடைக்காரர் தொடரின் பரம ரசிகர், மதியச் சாப்பாட்டுக்குக் கடையை மூடினாலும் தொடரை மூடாதவர். ஒட்டி உட்கார்ந்து அவரும் பார்த்தார். காட்சி இவ்வளவுதான்: படகுக்காரன் துடுப்பை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். அவன் மனைவி வாசலில் நின்று, "இன்னிக்குப் படகு எடுக்காதே" என்கிறாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கிறான். "சரி" என்கிறான். போய்ப் படகைக் கட்டிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்காருகிறான். முடிந்தது.

"ஏன் எடுக்கக் கூடாதாம்?" என்றார் பொத்தான் கடைக்காரர்.

"அதச் சொல்லவே இல்லண்ணே. அவனும் கேக்கல. அங்க அரசி மகனைப் பாக்க அக்கரைக்குப் போகணும், ஓடோடி வந்தா படகு இல்ல. நீந்திப் போய்ச் சேரும்போது பாதிப் பகல் போச்சு. எல்லாம் இந்தப் படகுக்காரனால. ஊரே அவனைத் திட்டுது. அவனைப் புடிச்சு முதலைக்குப் போடுங்கன்னு நானே கமெண்ட்ல எழுதியிருக்கேன், நாப்பது பேருக்குப் புடிச்சிருக்கு."

"இதுல அழறதுக்கு என்ன இருக்கு?"

"இதுல யாருண்ணே அழுதா?"

"யாரோ."

"அண்ணி இந்த எடத்துல கொட்டாவில்ல விட்டாங்க. நான் பாத்தேனே."

"அதான் கேக்கறேன். எதுக்குக் கொட்டாவி?"

நூல் கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பொண்டாட்டி அழுதா காரணம் கேக்கலாம்ண்ணே. கொட்டாவி விட்டதுக்கா கேப்பாங்க? வீட்டுக்குப் போய்த் தூங்குங்க."

அவர் போகவில்லை. இன்னும் ஏழெட்டுத் தடவை பார்த்தார். பார்க்கப் பார்க்க அந்தப் படகுக்காரன் மேல் எரிச்சல்தான் கூடியது. என்ன மனுஷன் இவன், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டானா? முழுநாள் வேண்டாம், பாதி நாள் ஓட்டுகிறேன் என்று சொல்லிப் பார்க்க மாட்டானா? அவராக இருந்தால்...

அவராக இருந்தால் என்ன செய்திருப்பார் என்பது சட்டென்று தெளிவாகத் தெரிந்தது. கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

அவர் வீட்டில் கேட்டது கேட்டபடி கிடைத்ததே கிடையாது. அவர் கஞ்சர் இல்லை. இல்லை என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதும் இல்லை. பாதி என்பார், அவ்வளவுதான். இரண்டு ஜன்னலுக்குக் கொசுவலை கேட்டால் ஒன்றுக்கு. எட்டு நாள் என் அக்கா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்றால் நாலு. பழக்கம், வேறொன்றுமில்லை. அப்பன் கடையில் பால்பல் விழுந்த வயசிலிருந்து உட்கார்ந்தவருக்கு ஓர் எண்ணைக் கேட்டதும் அதன் பாதி தானாக நாக்கில் வந்து நிற்கும். அவள் எப்போது இரட்டிப்பாகக் கேட்கத் தொடங்கினாள் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் கேட்கிறாள் என்று தெரியும். அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். அதனால் சில சமயம் மூன்று மடங்காகவும் கேட்பாள் என்று அவருக்குச் சந்தேகம். எட்டு என்று கேட்டவளுக்கு உள்ளபடி எத்தனை வேண்டியிருந்தது என்று பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவருக்குத் தெரிந்ததில்லை. கடையில் அது நல்ல வியாபாரம். ஒரே கட்டிலில் படுத்து எழுகிறவளிடம் அது என்ன என்று யோசித்தபோது நெஞ்சுக்குள் ஏதோ பொத்தான் தெறித்த மாதிரி இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது, அவர் தட்டில் இரண்டாவது தடவை குழம்பு ஊற்றிவிட்டு, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"அக்கா வீட்டுக்குப் போகணும். இருபது நாள்."

இருபது! இதுவரை பத்தைத் தாண்டியதில்லை. இருபது என்றால் பத்து வேண்டுமா, ஏழு வேண்டுமா? அல்லது இந்தத் தடவை இருபது என்றால் இருபதேதானா? அல்லது அது ஒரு தொடக்கமா? இருபது நாள் கழித்து இன்னொரு இருபது, அப்புறம் துணிமணி மொத்தமும் அனுப்பிவையுங்கள் என்று ஒரு போன். அக்காவுக்கு உடம்புக்கு என்ன, யார் யார் இருக்கிறார்கள், எதற்கு இப்போது? கேள்விகள் வரிசையாக வந்து நின்றன. நாக்கில் பத்து ரெடியாக இருந்தது.

"சரி" என்றார்.

அவள் கரண்டியைக் குழம்புக்குள் வைத்தாள். "என்ன சரி?"

"இருபது நாள். போயிட்டு வா."

"ஏங்க, கடையில ஏதாவது பிரச்சனையா?"

"ஒண்ணுமில்ல."

"உடம்பு?"

"நல்லாத்தான் இருக்கு."

ரூபாய் நோட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கிறவளைப் போல அவரைப் பார்த்தாள். "நான் இல்லாதப்ப இங்க யாராவது வர்றாங்களா?"

"யாரு வரப்போறா? நூல் கடைக்காரன் வந்தா உண்டு."

"அப்ப எதுக்குச் சரின்னு சொன்னீங்க?"

"நீ கேட்டே, அதான்."

"இதுக்கு முன்னாடி நான் கேட்டதே இல்லையா?" என்று அவள் கேட்டாள். அவர் தட்டைப் பார்த்துக் குனிந்தார். அவளே சொன்னாள், "ஏன் போறேன்னு கேக்கலையே."

"கேக்கல."

"அக்காவுக்கு ஒண்ணுமில்ல. எனக்கே போகணும்போல இருந்துச்சு." அதையும் சொல்லிவிட்டு அவர் முகத்தில் எங்காவது ஒரு எண் எழுதியிருக்கிறதா என்று தேடினாள். அவர் வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டார். பேசாமல் இருப்பதற்கு அவருக்கு வேறு வழி தெரியவில்லை. படுக்கப் போகும் முன், அவருடைய மருந்து டப்பாவைத் திறந்து மாத்திரைகளை எண்ணிப் பார்த்தாள்.

காலையில் அவர் விழித்தபோது, பை கட்டில் காலருகே திறந்து கிடந்தது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழும் சத்தம் நிற்பதற்குள் குனிந்து விரல் நுனியால் மடிப்புகளைத் தள்ளித் தள்ளி எண்ணினார். பத்து ஜோடி துணி, நாளுக்கு ஒன்று. மறுபடி எண்ணினார். பத்துதான். மூச்சு கொஞ்சம் இறங்கியது. அப்படியென்றால் பத்துதான் வேண்டியிருந்தது. பத்தாம் நாள் வந்துவிடுவாள். இல்லை, துணியைத் துவைத்துத் துவைத்துப் போடலாமே? அக்கா துணியும் அவளுக்குச் சரியாகத்தான் இருக்கும்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவள், பைக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். அலமாரியைத் திறந்து இன்னொரு ஜோடியை எடுத்தாள், அவரைப் பார்த்தாள், பைக்குள் வைத்தாள். இன்னும் ஒன்றை எடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஈரக் கூந்தலிலிருந்து முதுகில் தண்ணீர் சொட்டச் சொட்ட, அலமாரிக்கும் பைக்கும் நடுவில் நின்றாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

கேட்டது இருபது. கொடுத்தது இருபது. பையில் பதினொன்று, கையில் ஒன்று. மீதி எட்டு, யார் பேரிலும் எழுதப்படாமல், திறந்த அலமாரிக்குள் மடித்தபடி இருந்தது.