சேனை வைத்த கை

"லூர்து மேரி சிஸ்டர் இல்லியா? அவுக கையால சேனை வைக்கணும்னு வீட்டுல சொல்லிட்டாவ."

கேட்டவன் பம்பாய்த் தாராவியில் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்ப்பவன். கையில் சீனித்தண்ணீர்க் கிண்ணம். பிறந்த பிள்ளையின் நாக்கில் அதை யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பது திருநெல்வேலிச் சனங்களின் நம்பிக்கை. மாட்டுங்காவில் அந்தச் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி தொடங்கிய நாளிலிருந்து அந்த விரல் மூத்த நர்ஸ் சேசம்மாளுடையதாகத்தான் இருந்தது. தாராவிச் சந்துகளில் ஓடுகிற பிள்ளைகளில் பாதிக்குத் தன் குணம்தான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். நேற்று வந்த லூர்து மேரிக்கு இந்த வாழ்வா? சேசம்மாளுக்கு வயிறு எரிந்தது. "அவ டூட்டில இல்ல" என்று கூசாமல் சொன்னாள். அந்த நேரம் பார்த்துத்தான் லூர்து மேரி சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

அது போதாதென்று டாக்டர் சந்திரலேகா வேறு. அறுபத்து மூன்றாம் வருடத்து மழைக்காலத்தில், பிரசவித்த பெண்களுக்கு அங்கே அடுத்தடுத்துக் காய்ச்சல் கண்டது. ஒருத்தி செத்தே போனாள். கர்ப்பப்பைக்குள் கிருமி எங்கிருந்து போகிறது என்று டாக்டர் ஆராய்ச்சி தொடங்கினாள். ஒத்தாசைக்குக் கேட்டது லூர்து மேரியை. கிருமியை முளைக்க வைக்க ஆட்டு ரத்தம் கலந்து உறையவைத்த கண்ணாடித் தட்டுகளை அவள் ஏந்திக்கொண்டு நடக்கிற நடையைப் பார்த்தால், சர்ச்சில் நன்மை அப்பம் கொடுக்கப் போகிற சாமியார் தோற்றார்.

"எல்லார் தொண்டையிலேயும் பஞ்சால தொட்டு எடுக்கப் போறோம் சேசம்மா" என்றாள் டாக்டர். "நம்மள்லயே யாராவது தெரியாம தொண்டையில கிருமியைச் சுமந்துண்டிருக்கலாம், பிரசவம் பார்க்கறப்போ மூச்சுல பரவிடும். நாளைக்குக் கார்த்தால யாரும் மருந்து போட்டு வாய் கொப்புளிச்சுட்டு வராதீங்கோ. அப்புறம் கிருமி இருந்தாலும் தட்டுல முளைக்காது."

சேசம்மாளுக்குக் கொஞ்ச நாளாகத் தொண்டை கமறிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை, தாராவி வீட்டில், பர்மாங்கனேட் கரைத்துத் தொண்டை எரிய எரியக் கொப்புளித்தாள். யாருக்கும் கெடுதல் செய்ய நினைக்கவில்லை. லூர்து மேரியின் முன்னால் தலைகுனிந்து நிற்கக் கூடாது, அவ்வளவுதான். முளைக்கிறதென்றால் அவள் தட்டில் முளைக்கட்டுமே.

அப்படியே முளைத்தது. லூர்து மேரியின் தட்டில் புள்ளிகளைச் சுற்றி ரத்தம் கரைந்து வெளுத்திருந்தது. ஊசி போட்டுத் தொண்டை சுத்தமாகும்வரை வார்டுக்குள் வரக்கூடாது என்று டாக்டர் அவளை அனுப்பிவிட்டாள். போகும்போது லூர்து மேரி சேசம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அந்தப் பொம்பள என்னாலதான் செத்துச்சாக்கா?"

"அழாதட்டி" என்று முதுகைத் தடவினாள் சேசம்மாள். உள்ளே கருப்பட்டி கரைந்தது.

தட்டுகளை ஏந்தும் வேலை அவளுக்கு வந்தது. சீனித்தண்ணீர்க் கிண்ணங்களும் அவளைத் தேடித் திரும்பி வந்தன. தாராவியிலிருந்து வந்த ஆறுமுகத்தாய்க்குப் பிரசவம் பார்த்ததும், பிள்ளைக்குச் சேனை வைத்ததும் அவள்தான். இரண்டே நாளில் ஆறுமுகத்தாய்க்குக் குளிர்காய்ச்சல் தூக்கியடித்தது.

டாக்டர் கட்டிலருகே வெகுநேரம் நின்றாள். "லூர்து மேரி இந்தப் பக்கமே வரலையே" என்று தனக்குத்தானே சொன்னாள். பிறகு நிமிர்ந்து, "உன் தட்டும் சுத்தமாத்தான் இருந்தது. நாளைக்கு எல்லாருக்கும் இன்னொரு தடவை எடுத்துடலாம்" என்றாள்.

சேசம்மாள் துணி நனைக்கத் திரும்பிக்கொண்டாள். டாக்டர் போனபிறகு நனைந்த துணியை ஆறுமுகத்தாயின் நெற்றியில் போட்டாள். குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தவள் சேசம்மாளின் விரலைப் பற்றினாள். அனலாகக் கொதித்தது அந்தக் கை.

"எனக்கு என்ன ஆனாலும் பயமில்லக்கா. எம்பிள்ளைக்கு ஒங்க கொணம்தான வரும்? சேனை வச்சது நீங்கல்லா."

சேசம்மாள் விரலை உருவிக்கொண்டு முகமூடியைத் தேடி ஓடினாள். இனி அதைக் கட்டி என்ன பிரயோஜனம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

மறுநாள் தாராவி வீட்டில் விடிந்தது. வெளியே குழாயடியில் வாளிகளுக்குச் சண்டை நடந்துகொண்டிருந்தது. தொண்டை கமறியது. பர்மாங்கனேட் சீசாவைத் திறந்து டம்ளர் தண்ணீரில் ஒரு மணியைப் போட்டாள். ஊதா நிறம் நூல் நூலாக இறங்கி, மெல்லப் பரவி, டம்ளர் முழுவதும் நிறைந்தது. சேசம்மாள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள்.