பாதிச் சுவர்

பெயிண்ட் கடைகளில் நிறம் கலக்கும் மெஷினை ஓட்டுகிற புரோகிராமை அவள்தான் கட்டிக்கொண்டு மாரடித்தாள். அது எழுதப்பட்ட கம்ப்யூட்டர் மொழிக்குப் புதுப் பதிப்பு வந்து எத்தனையோ காலம். அந்த வருஷம் பிறந்த பிள்ளைகள் இப்போது வண்டி ஓட்டப் பழகுகிறார்கள். ஆபீசில் எல்லோரும் புதியதற்குப் போயாகிவிட்டது, அவள் மட்டும் பழசில். வெளியே இன்டர்வியூவுக்கும் போய்ப் பார்த்தாள். எந்தப் பதிப்பில் வேலை என்று கேட்டார்கள், சொன்னாள், அதோடு சரி.

"பழசைப் புதுசுக்கு மாத்திக் குடும்மா. உடனே உன்னைப் புது டீமுக்கு அனுப்பிடறேன்," என்றார் மேனேஜர். 'இந்த ரிலீஸ் முடியட்டும்' என்று வருஷக்கணக்கில் இழுத்தடித்த மனுஷர் இவ்வளவு சொன்னதே பெரிது. அவள் சனி ஞாயிறு பார்க்காமல் உட்கார்ந்தாள். புருஷன்காரன் சமையல் கற்றுக்கொண்டதே அந்த மாதங்களில்தான். ஒருவழியாக முடித்து, ஒரு நாள் சாயங்காலம் சோதனைக்கு ஒரு கடையில் ஏற்றினாள். கோளாறே இல்லாமல் ஓடியது.

மறுநாள் அந்தக் கடையில் ஒரு பெயிண்டர் சத்தம் போடுவதாக போன் வந்தது. ஓடினாள். அவர் அவளைக் கையோடு பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் நீளமான வராந்தாவைக் காட்டினார். பாதிச் சுவர் ஒரு மஞ்சள். மீதி கொஞ்சம் அழுத்தமான மஞ்சள்.

"அதே கடை, அதே கலர் நம்பர். அது நேத்து அடிச்சது, இது இன்னிக்கு. என்ன பண்ணி வெச்சீங்க?"

நோயாளிகள் உட்காரும் பெஞ்சிலேயே லேப்டாப்பைத் திறந்தாள். விஷயம் புரிந்தது. பழைய பதிப்பு வகுக்கும்போது மிச்சத்தை விழுங்கிவிடும். ஐந்தை இரண்டால் வகுத்தால் இரண்டு என்று கூசாமல் சொல்லும். அதனால் சாயம் ஒரு துளி குறைவாக விழும். புதியது இரண்டரை என்று ஒழுங்காகக் கணக்குப் போட்டு, ஒழுங்காக ஊற்றிவிட்டது. அவள் சோதித்ததெல்லாம் கம்பெனி கொடுத்த அளவுகளோடுதான். சுவரோடு ஒப்பிட யாருக்குத் தோன்றும்? இத்தனை வருஷமாக ஊர் முழுக்கக் காய்ந்திருப்பது தப்பான நிறம். ஆனால் ஊருக்கு அதுதான் சரி.

"புதுசுலயும் மிச்சத்தை வெட்டற மாதிரி எழுதிடலாம் சார். ஒரு நாள் வேலை," என்றாள் மேனேஜரிடம் போனில்.

"இது ஒண்ணு தெரிஞ்சுது. தெரியாம இன்னும் எத்தனை இருக்கோ? வம்பே வேண்டாம். பழசையே போட்டுடு."

போட்டாள். மாதக்கணக்கில் செய்ததைக் கழற்ற ஒரு காபி ஆறும் நேரம்கூட ஆகவில்லை. புது டப்பா வந்தது. பெயிண்டர் அடித்துப் பார்த்து, "இப்பதாம்மா சரியா இருக்கு," என்றார். அவர்மேல் என்ன தப்பு? அவள் லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தாள்.

மாலையில் மேனேஜர் அறைக்குப் போனாள்.

"அப்ப புது டீம், சார்?"

"பழசு ஓடற வரைக்கும் அதைப் பார்த்துக்க ஆள் வேணும்ல?" மேனேஜர் சிரித்தார். பாராட்டுவதாகத்தான் நினைத்தார். "மாத்தறேன்னு உட்கார்ந்து, அதை அக்குவேறு ஆணிவேறா தெரிஞ்சுக்கிட்டே. இனிமே உன்னை எப்படிம்மா விடறது?"